பத்து முடிச்சாச்சு, எந்த குரூப்? வேலூர்ப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே பள்ளிக்கூட வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். பிளஸ் ஒன் சேர்க்கை மேசையில் பல வருடமாக உட்காருகிற முதுகலை ஆசிரியன் நான். வேதியியல் என் பாடம். வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கமிருந்து வரும் பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பழைய வட ஆற்காட்டின் மற்ற பகுதிக்காரர்களுக்கும் இது பொருந்தும். 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் பாடத்திட்டமும் விதிகளும் ஒன்றுதான்.

மேல்நிலையில் மொத்தம் எத்தனை பாடம்? என்னென்ன குரூப் இருக்கும்?

ஆறு பாடம். மொழிப்பாடம் ஒன்று, ஆங்கிலம் ஒன்று, அப்புறம் குரூப் பாடங்கள் நான்கு. பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 600.

இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றோடு உயிரியல் சேர்ந்தால் பயோ-மேத்ஸ், இதைத்தான் ஃபர்ஸ்ட் குரூப் என்பார்கள். கணினி அறிவியல் சேர்ந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கணிதத்தை விட்டுவிட்டுத் தாவரவியல், விலங்கியல் எடுத்தால் பியூர் சயின்ஸ். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு வரலாறோ கணினிப் பயன்பாடுகளோ சேர்ந்தது காமர்ஸ். வரலாறு, புவியியல் சேர்ந்த கலைப் பிரிவும் சில பள்ளிகளில் உண்டு. இவை போக, ஒக்கேஷனல் என்று எல்லோரும் சொல்கிற தொழிற்கல்வி.

எல்லாப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருக்காது. அதனால் சேர்க்கைக்கு வரும்போது குரூப் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பாடத்துக்கு முதுகலை ஆசிரியர் இப்போது பணியில் இருக்கிறாரா, இடம் காலியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கணித ஆசிரியர் இல்லாத பள்ளியில் கணித குரூப் எடுத்த பிள்ளை படும் பாடு பெரிது. பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் ஆசிரியர் இருந்தால் அங்கே சேர்ப்பது நல்லது. அரசுப் பள்ளிக்குரிய சலுகை எதுவும் அதனால் குறையாது.

நல்ல மார்க் வாங்கினால் ஃபர்ஸ்ட் குரூப்தானே எடுக்கணும்?

இந்த ஒரு எண்ணத்தால் வீணான பிள்ளைகள் நிறைய. பத்தாம் வகுப்பில் 500-க்கு 450 வாங்கிய பெண்ணை அப்பா கையைப் பிடித்துக் கூட்டிவந்து "பயோ-மேத்ஸ் போடுங்க சார்" என்பார். பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த மாதிரி நேரத்தில் நான் அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் ஒன்றுதான் கேட்பேன்: "பரீட்சைக்கு முந்தின நாள் எந்தப் புத்தகத்தைக் கடைசியா எடுப்ப?" எதைத் தள்ளிப் போடுகிறதோ அதுதான் அந்தப் பிள்ளைக்கு வராத பாடம். கணிதம் என்று பதில் வந்தால், 90 மார்க் வாங்கியிருந்தாலும் நான் யோசிப்பேன்.

வேலூர் சி.எம்.சி. இருக்கிற ஊர். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை இந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. அதனால் வீட்டுக்கு ஒருவராவது மருத்துவத் துறையில் இருக்க வேண்டும் என்ற ஆசை இங்கே அதிகம். ஆசையில் தப்பில்லை. ஆனால் நீட் தேர்வுக்குக் கணிதம் வேண்டாம், இயற்பியல், வேதியியல், உயிரியல் போதும். கணிதத்துக்குப் பயப்படுகிற பிள்ளை பியூர் சயின்ஸ் எடுத்து அதே கதவைத் தட்டலாம். பி.எஸ்சி. நர்சிங், மருத்துவம் சார்ந்த வேறு பல பட்டப்படிப்புகளுக்கு அரசுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். பொறியியல் வேண்டுமென்றால் கணிதம் இல்லாமல் முடியாது: கட்-ஆஃப் 200-ல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50.

காமர்ஸ் எடுத்தால் என்ன வேலை கிடைக்கும்?

பி.காம்., சி.ஏ., வங்கித் தேர்வு என்று எல்லோரும் சொல்வார்கள். அதெல்லாம் சரி. நான் இன்னொன்றைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தின் முதல் பாடமே முழுமை பெறாப் பதிவேடுகளிலிருந்து கணக்குத் தயாரிப்பது. லாங்கு பஜாரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர், குடியாத்தத்தில் லுங்கி வாங்கி விற்கிறவர், பேரணாம்பட்டில் தோல் கமிஷன் பார்க்கிறவர் எத்தனையோ பேர் இன்றும் நீள நோட்டில் பற்று மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, வருடக் கடைசியில் லாபமா நட்டமா என்று தெரியாமல் முழிக்கிறார்கள். அந்த நோட்டை வாங்கி, தொடக்க முதல் எவ்வளவு, இறுதி முதல் எவ்வளவு, சொந்தச் செலவுக்கு எடுத்தது எவ்வளவு என்று பிரித்து லாபத்தைக் கண்டுபிடிப்பதுதான் அந்தப் பாடம். எங்கள் பள்ளியில் ஒரு மாணவி தன் அப்பாவின் இட்லிக் கடைக் கணக்கை அந்த முறையில் போட்டுப் பார்த்து, கேஸ் செலவு கணக்கிலேயே ஏறாமல் இருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னாள். புத்தகத்தின் கடைசிப் பாடம் கணினியில் கணக்கு எழுதும் டேலி மென்பொருள். அது வரைக்கும் ஒழுங்காகப் படித்த பிள்ளை கல்லூரிக்குப் போய்க்கொண்டே மாலையில் கணக்கு எழுதிச் சம்பாதிக்க முடியும்.

வரலாறு குரூப் மார்க் வராதவர்களுக்குத்தானே?

இல்லை. டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. கனவு உள்ள பிள்ளைக்கு இதைவிட நேர்வழி கிடையாது. அதுவும் வேலூரில் இருந்துகொண்டு வரலாறு படிப்பது ஒரு கொடுப்பினை. 1806 ஜூலை 10-ந் தேதி சிப்பாய்கள் எழுந்த கோட்டை பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது. கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகம். மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண். திப்பு சுல்தானின் குடும்பத்தை எங்கே வைத்திருந்தார்கள், புதுத் தலைப்பாகையும் தோல் பட்டையும் ஏன் பிரச்சினையானது என்பதையெல்லாம் அகழி ஓரம் நின்று கேட்கும் பிள்ளைக்குத் தேர்வில் அந்தக் கேள்வி மறக்காது. ஆசிரியர் கூட்டிப் போகவில்லை என்றால் நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள்.

ஒக்கேஷனலில் சேர்த்தால் மேலே படிக்க முடியாதா?

தாராளமாகப் படிக்கலாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பத்து முடித்துப் போகிறவர் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது.

அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், வேளாண் அறிவியல், அலுவலக மேலாண்மை, செவிலியம் போன்ற பிரிவுகள் பள்ளிக்குப் பள்ளி மாறும். ராணிப்பேட்டையில் பெல் ஆலையும் சிப்காட்டும் இருக்கும்போது இயந்திரவியல் படித்த பையனுக்கு இந்தப் பக்கத்தில் மதிப்பு உண்டு. லேத் என்கிற கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கிற பையனை ஒரு தடவை பாருங்கள். கம்பியைச் சக்கில் பூட்டி, மையம் சரியாக இருக்கிறதா என்று மெதுவாகச் சுற்றிப் பார்த்து, வெர்னியரால் அளந்து, மறுபடி ஒரு மயிரிழை சீவுவான். வகுப்பில் பத்து நிமிடம் உட்கார முடியாதவன் அங்கே ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பான். அந்தப் பிள்ளையை இயற்பியல் சூத்திரத்துக்குள் தள்ளி, ஃபெயிலாக்கி, படிப்பே வராதவன் என்று பெயர் வைப்பது நியாயமே இல்லை.

செவிலியப் பிரிவு பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. அதைப் படித்து முடித்தவுடன் பதிவு பெற்ற நர்ஸ் ஆகிவிட முடியாது. மேலே படிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

அரசுப் பள்ளியில் லேப் ஒழுங்காக நடக்குமா?

பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நடக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களில் 100-ல் 70 எழுத்துத் தேர்வு, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. அந்த இருபது மார்க்குக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, நிறம் விழுந்து விழுந்து மறையும். ஒரே ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு மறையாமல் நின்றுவிடும். அந்தச் சொட்டைத் தாண்டாமல் பிடிக்கப் பழகிய கை, ஆஸ்பத்திரி லேபிலும் தோல் தொழிற்சாலை லேபிலும் வேலை பார்க்கும் கை. மார்ச் தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் லேபைத் திறந்தால் இது வராது. பிள்ளையின் ரெக்கார்டு நோட்டை மாதம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஆகஸ்ட் ஆகியும் வெறுமையாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து கேளுங்கள்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா?

பத்து வரை தமிழ் வழியில் படித்த பிள்ளையைப் பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாற்றுவதை நான் பொதுவாக ஊக்குவிப்பதில்லை. குரூப் பாடமே புதிது. மொழியும் புதிதானால் காலாண்டுத் தேர்வுக்குள் பிள்ளை சுருண்டுவிடும். நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010-ல் வந்த சட்டம் அது. 2020-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு கடைசிப் படிப்பு மட்டும் தமிழ் வழியில் இருந்தால் போதாது. அந்த வேலைக்குக் கேட்கும் தகுதி வரையுள்ள படிப்பு முழுவதும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். பட்டம் கேட்கும் வேலைக்குப் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் பட்டமும் தமிழ் வழியில் இருந்தால்தான் கணக்கு. இடையில் இரண்டு வருடம் மாறிவிட்டுத் திரும்பி வந்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும்.

உருது வழிக் கல்வி வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உண்டு. மேல்நிலையில் எந்த குரூப் கிடைக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பத்து வரை அரசுப் பள்ளி. பிளஸ் ஒன்னுக்கு மட்டும் நல்ல தனியார் பள்ளிக்கு மாற்றலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். தயவுசெய்து அவசரப்பட்டு டி.சி. வாங்காதீர்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது நீண்டது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளையின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. கூலி வேலை செய்கிற வீட்டுக்கு இது நான்கு வருடக் கடன் இல்லாத படிப்பு. ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கடைசி இரண்டு வருடம் மாறினால் எல்லாம் போச்சு. தனியார் பள்ளிக்கு இரண்டு வருடம் கட்டும் பணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நட்டம் இரட்டிப்பு.

வேலூர்க்காரர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. இங்கே மிஷனரிகளும் முஸ்லிம் கல்விச் சங்கங்களும் தொடங்கிய பழைய பள்ளிகள் நிறைய. அவற்றில் பல அரசு உதவி பெறும் பள்ளிகள். கட்டணம் குறைவு, சம்பளம் அரசு தருகிறது, ஆகவே அரசுப் பள்ளிதான் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் பள்ளி ஆகியவை வரும். உதவி பெறும் பள்ளிகள் நல்ல பள்ளிகள்தான், நூறு வருடப் பெருமை உள்ளவை. ஆனால் சேர்க்கும் முன் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லூரி சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-லும் வந்தன. இவற்றில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் உண்டு.

பெண் பிள்ளை, பள்ளி தூரம். எப்படி அனுப்புவது?

அரசுப் பேருந்தில் இலவச பஸ் பாஸ் உண்டு. பிளஸ் ஒன் சேர்ந்தால் இலவச சைக்கிள் தருவார்கள். தினமும் போய்வர முடியாத ஊர் என்றால் விடுதி இருக்கிறது. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளுக்கு 2025-ல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விடுதிதான் வழி. மலையிலிருந்து வரும் பெற்றோர் ரிசல்ட் வந்த வாரமே விடுதி விண்ணப்பத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். பள்ளியில் இடம் கிடைத்து விடுதியில் கிடைக்காமல் திரும்பிப் போன பெண்கள் பெரும்பாலும் அடுத்த வருடம் கழுத்தில் தாலியோடு எதிரில் வருகிறார்கள். பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம். யாராவது அவசரப்படுத்தினால் 1098-க்குப் போன் செய்யச் சொல்லிப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

படிப்பைத் தவிர என்ன இருக்கும்?

காலையில் வழிபாட்டுக் கூட்டம்: தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், செய்தி வாசிப்பு. மைக் முன் நிற்கக் கை நடுங்குகிற பிள்ளையைச் செய்தி வாசிக்க விடச் சொல்லி நான் வகுப்பாசிரியர்களிடம் கெஞ்சுவேன். கல்லூரி நேர்காணலில் வாய் திறக்க அது உதவும். என்.எஸ்.எஸ்., என்.சி.சி. இருந்தால் விடாதீர்கள். கலைத் திருவிழா 2022-லிருந்து நடக்கிறது. பறை, தெருக்கூத்து, கானா, ஓவியம் என்று பள்ளி அளவில் தொடங்கி மாநிலம் வரை போகலாம். தெருக்கூத்து வட ஆற்காட்டு மண்ணின் கலை. தாத்தா கட்டிய வேஷத்தைப் பேரன் பள்ளி மேடையில் கட்டும்போது ஊரே வந்து பார்க்கிறது.

விளையாட்டில் பளுதூக்குதலுக்கு இந்த ஊரில் ஒரு மரபே இருக்கிறது. காமன்வெல்த் போட்டிகளில் 2014-லும் 2018-லும் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். குடியரசு தின விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள், விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தேவைப்படும்.

மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும். சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால் பிளஸ் ஒன் பிள்ளைக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுங்கள். எத்தனையோ பிள்ளைகள் பசியோடு மாலை வரை உட்காருகிறார்கள். அதைப் படிப்பில் கவனமில்லை என்று நாமே தப்பாக நினைத்துவிடுகிறோம். ஏப்ரலிலும் ஜூனிலும் வேலூர் வெயிலுக்குத் தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு உண்டா?

2017-18-ல் கொண்டுவந்தார்கள், 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். அதற்காகப் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு நேராகப் பன்னிரண்டுக்குப் போகாதீர்கள். நீட்டுக்கும் ஜே.இ.இ.க்கும் பாதிக் கேள்வி அங்கிருந்துதான்.

உதவித்தொகைத் தேர்வுகள் ஏதாவது?

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இரண்டு. முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளிக்கு மட்டும். தேர்வானால் பட்டப்படிப்பு முடியும் வரை வருடம் 10,000 ரூபாய். தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் தேர்வானால் மாதம் 1,500 வீதம் இரண்டு வருடம். இரண்டுக்கும் படித்து முடித்த பாடங்களிலிருந்துதான் கேள்வி வரும், ஆகவே பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள். வீட்டில் தம்பி தங்கை எட்டாம் வகுப்பில் இருந்தால் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுத வையுங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000.

பத்தில் ஒரு பாடம் போய்விட்டது. ஷூ கம்பெனிக்கு அனுப்பிவிடலாமா?

அனுப்பாதீர்கள். உடனே துணைத் தேர்வு இருக்கிறது. அதில் தேறினால் அதே வருடம் பிளஸ் ஒன் சேரலாம். பள்ளிக்கு வந்து அந்தப் பாட ஆசிரியரைப் பாருங்கள், சொல்லிக் கொடுப்பார். முதல் மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கிவிட்ட பிள்ளையைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம்.

சேர்ந்தபிறகு குரூப் மாற்றலாமா?

வகுப்பு தொடங்கிய சில வாரங்களுக்குள் கேட்டால், இடமிருந்தால், தலைமையாசிரியர் மாற்றித் தருவார். காலாண்டுத் தேர்வு வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பிள்ளை முதல் மாதமே பள்ளிக்குப் போக முரண்டு பிடித்தால் என்ன காரணம் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஆசிரியர் மீதோ சக மாணவர் மீதோ புகார் இருந்தால்?

முதலில் தலைமையாசிரியர். பள்ளியில் மாணவர் மனசு என்ற பெட்டி இருக்கும், பெயர் போடாமலும் எழுதிப் போடலாம். கல்வித் துறை உதவி எண் 14417. தொடுதல், மிரட்டல் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் பள்ளிக்குள் பேசித் தீர்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நேராக 1098.

சேர்க்கைக்கு என்னென்ன எடுத்து வரணும்?

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்று, ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், போட்டோ. கல்விக் கட்டணம் கிடையாது, புத்தகம் இலவசம். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருந்து, ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். உதவித்தொகை அதில்தான் ஏறும். மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பிள்ளையின் பெயரும் இன்ஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். வித்தியாசம் இருந்தால் இ-சேவை மையத்தில் ஆதாரைத் திருத்தி வந்தாலும் பரவாயில்லை, இடத்தைப் பிடித்து வைக்கிறோம். அப்பா அம்மா பழைய சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருப்பதால் ஒரு சிக்கலும் வராது. முடிந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். குரூப் எது என்ற கேள்வியை நாங்கள் அவர்களிடம்தான் கேட்போம்.